தம்பிக்கு ஒரு நாற்காலி

பொய் சொன்னால் கோ ருன்மெய்க்குக் காது சிவந்துவிடும். முகம் மாறாது, குரல் தடுமாறாது, காது மட்டும் பழுத்த மிளகாயாகிவிடும். அதற்காகவே கல்யாணமான நாளிலிருந்து முடியைக் காது மறையும்படி வெட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடத்தில் அந்த முடி அவளைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

எண்பத்தாறாம் வருடக் குளிர்காலத்தில், மூன்றாம் சுரங்கத்துத் தொழிலாளர் பேண்டின் ஒத்திகை அறையில், அது மறுபடியும் காப்பாற்றியது. விளக்குத் திருவிழாவுக்குப் புது அரங்கம் திறக்கிறார்கள் என்று யென் மாஸ்டர் ஓர் இசை எழுதியிருந்தார். நிலக்கரி வருவதற்கு முன்பு இந்த மலைகளில் கழுதை ஓட்டிகள் பாடிக்கொண்டு போன பழைய மெட்டு ஒன்றை எடுத்து, டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட், டியூபா, பெரிய முரசு என்று பேண்டு முழுவதற்கும் விரித்திருந்தார். ஆரம்பத்தில் பித்தளை வாத்தியங்கள் மலை ஏறும். பிறகு எல்லோரும் மெல்ல அடங்கிவிட, ஒரே ஒரு குழல் மட்டும் அந்த மெட்டைத் தனியாக எடுத்துப் பாட வேண்டும். காகிதத்தில் அந்த இடத்தில் ‘சுவோனா’ என்று எழுதியிருந்தது. பேண்டில் சுவோனா கிடையாது. அதனால் முதல் கிளாரினெட்டான ருன்மெய் வாசித்துக் காட்டினாள்.

கடைசிச் சுரத்தில் அவள் ஒரு வழுக்கு வழுக்கி, கீழே விழப்போகிறவன் சட்டென்று நிமிர்வது போல் மேலேறி நின்றிருந்தாள். அது காகிதத்தில் இல்லாத சங்கதி.

“ருன்மெய், அந்தக் கடைசி வளைவ எங்க புடிச்ச?” என்று யென் மாஸ்டர் கேட்டார்.

“ரேடியோல கேட்டேன் மாஸ்டர்.”

முடிக்குள்ளே காது கொதித்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நல்ல ரேடியோவாக இருக்கிறதே என்று மட்டும் சொன்னார்.

சுவோனா என்பது மரக்குழலுக்குப் பித்தளை வாய் வைத்த வாத்தியம். நாயனத்துக்குத் தூரத்துச் சொந்தம், வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. சீனாவில், ஷான்சி மாகாணத்தின் இந்த மலைக்கட்டில் பிள்ளை பிறந்தாலும் அதுதான் ஊதும், கல்யாணத்துக்கும் அதுதான், பிணம் எடுக்கவும் அதுதான். அது இல்லாமல் இங்கே ஒருவன் ஒழுங்காகப் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. ஆனால் அதை ஊதுகிறவனை மட்டும் யாருக்கும் ஆகாது. ஊதுகிற வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் மேசையில் உட்கார்ந்து தின்னும்போது அவர்களுக்கு வாசற்படியில் சோறு. கிண்ணத்தையும் அவர்களே கொண்டுவர வேண்டும். ‘ஆமை’ என்பது ஊர் அவர்களுக்கு வைத்த பெயர். புது அரசாங்கம் வந்து எல்லோரும் சமம் என்று சொல்லி அவர்களுக்கும் நிலம் கொடுத்தது. நிலம் கைக்கு வந்தது, பெயர் போகவில்லை. நல்ல ஊர்!

ருன்மெய் மலைக்கு அந்தப் பக்கத்து ஊதுகிற வீட்டுப் பெண். அந்த வீடுகளில் பெண்கள் ஊதக்கூடாது. நாணல் சீவாளியை வாயில் போட்டு ஊறவைத்துக் கொடுப்பதுதான் பெண்பிள்ளைகளின் வேலை. நாள் முழுக்க வாயில் சீவாளியை வைத்திருக்கிறவள் ஊதாமல் இருப்பாளா? தினை வைக்கோல் போருக்குப் பின்னால், தன்னைவிடச் சின்னவனான தம்பி கென்வாங் மேல்குழல் ஊத, இவள் கீழ்குழல் ஊதுவாள். மேல்குழல் வாயாடும், கீழ்குழல் ‘உம்’ கொட்டிக்கொண்டே பின்னால் வரும். இரண்டும் சேர்ந்தால்தான் அது முழு ஊதல். ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. “நல்லாத்தான் ஊதுற. வெளியில ஊதிடாத,” என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால்கூட மறந்திருப்பாள்.

பிறகு சுரங்கத்தில் விளக்கறைக்குப் பெண்களை எடுத்தார்கள். கீழே இறங்குகிறவர்களுக்குச் சன்னல் வழியாகத் தலைவிளக்கைக் கொடுத்து, மேலே வந்ததும் வாங்கி வைக்கிற வேலை. அங்கேதான் பேண்டில் கிளாரினெட் கற்றாள். அங்கேதான் தஹாயையும் பார்த்தாள். விளக்கை வாங்கும்போது அவள் விரலையும் சேர்த்து வாங்குகிற ஆள் அவன். கல்யாணப் பேச்சு வந்தபோது ருன்மெய் அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவன் விளக்கை வாங்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினான். அன்றைய வேலை முழுவதும் யோசித்துவிட்டுக் கரி பூசிய முகத்தோடு மேலே வந்து, “எங்கம்மாகிட்ட ஒங்கப்பா திரிகைக்கல் கொத்துறவர்னு சொல்லிடுவோம்,” என்றான். அவனால் முடிந்த வீரம் அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அப்பா செத்தபோது தூரத்துச் சித்தப்பா என்று சொல்லிவிட்டுப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

இதெல்லாம் இப்படியே ஓடியிருக்கும். ஆனால் தொழிற்சங்கத் தலைவர் ஹாவுக்கு ஆசை வந்தது. மாகாணத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், காகிதத்தில் சுவோனா என்று போட்டிருந்தால் சுவோனாவே இருக்கட்டும், மலைக்கு அந்தப் பக்கம் போய் ஓர் ஆமையைக் கூட்டிவாருங்கள் என்று லாரியை அனுப்பினார். லாரி கொண்டுவந்து இறக்கியது கென்வாங்கை.

நீலப் பருத்திக் கோட்டு, தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் குழல். அக்காவைப் பார்த்தான். பார்வை அவள்மேல் நிற்காமல் பக்கத்திலிருந்த மரக்கதவுக்குப் போனது. அவளைத் தெரியும் என்பதற்கு ஓர் இமை அசைவுகூட இல்லை. அவள் கல்யாணம் கெடக்கூடாது என்று பத்தொன்பது வருடமாக அவன் பழகிய பார்வை அது. ருன்மெய்க்கு வாயிலிருந்த கிளாரினெட் சீவாளி கசந்தது.

மதியம் கேன்டீனிலிருந்து ஆவியில் வெந்த ரொட்டியும் முட்டைக்கோஸும் டோஃபுவும் வந்தன. எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கென்வாங் பையிலிருந்து தன் கிண்ணத்தை எடுத்து, வாங்கிக்கொண்டு, வெளியே பனி படிந்த வாசற்படியில் போய் உட்கார்ந்து தின்றான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை. ருன்மெய் கையிலிருந்த ரொட்டியைக் கடிக்காமல் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊர்மேல் வந்த கோபத்தைவிட, தானாக எழுந்துபோன அவன் கால்கள்மேல் வந்த கோபம் பெரிது. அதைவிடப் பெரிது, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன்மேல் வந்த கோபம்.

மதியத்துக்கு மேல் ஒத்திகை. கதவருகே ஒரு முக்காலியில் அவனை உட்காரவைத்தார்கள். பித்தளைகள் அடங்கின, கென்வாங் எடுத்தான். கழுதைகள் வந்தன, மணி குலுங்கியது, பாதையில் தூசி எழுந்தது. முரசுக்காரன் கோலைக் கீழே வைத்துவிட்டு வாய் பிளந்து கேட்டான். எல்லாம் சரி. நிறுத்த வேண்டிய இடத்தில் கென்வாங் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்றுக்குப் போனான். பேண்டு தன் பாட்டுக்கு உள்ளே நுழைந்தது. நடு அறையில் இரண்டும் மோதிக்கொண்டு, டிராம்போன் ஒன்று ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி மோதியது.

“நிறுத்துய்யா! எங்க நிறுத்தணும்னு தெரியாதா?” என்று ஹாவ் கத்தினார்.

கென்வாங் எழுந்து நின்றான். “எங்க வழக்கம் அப்படிங்கய்யா. வீட்டுக்காரர் கையத் தூக்கி எறக்கினாத்தான் நிறுத்தணும். நாங்களா நிறுத்தினா அந்த வீட்டுக்கு ஆகாது. இங்க மாஸ்டரு ஓயாம தூக்கித் தூக்கி எறக்குறாரு. இதுல எந்தத் தூக்கு எனக்கு, எந்தத் தூக்கு இவங்களுக்கு?”

யென் மாஸ்டரே சிரித்துவிட்டார். ஹாவ் சிரிக்கவில்லை. “இந்த ஆமைய வெச்சுக்கிட்டு மாகாணத்துக்காரங்க முன்னாடி மானம் போகணுமா? லாரில ஏத்தி அனுப்புங்க. ருன்மெய் கிளாரினெட்லயே வாசிக்கட்டும்.”

“நான் அந்தக் குழலுக்குத்தான் எழுதினேன், தலைவரே,” என்றார் மாஸ்டர்.

“அப்ப ஒண்ணு செய்வோம். மேடையில வேண்டாம். திரைக்குப் பின்னாடி நின்னு ஊதட்டும். நிறுத்த வேண்டிய எடத்துல ஒரு ஆள் சட்டையப் புடிச்சு இழுக்கட்டும்.”

சிலர் சிரித்தார்கள். கென்வாங்கும் சிரித்தான். அவனுக்கு இது புதிதில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ருன்மெய் எழுந்துவிட்டாள்.

“அவன் என் பக்கத்துல ஒக்காரட்டும் தலைவரே. நிறுத்த வேண்டிய எடத்துல நான் அவன் கால மிதிக்கிறேன்.”

“ஒனக்கு எதுக்கும்மா இந்த வேலை? அவன் ஒனக்கென்ன ஒறவா?”

கென்வாங் வேண்டாம் என்பது போலத் தலையை மெல்ல ஆட்டினான். ருன்மெய் இரண்டு பக்கத்து முடியையும் ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

“என் தம்பி. கூடப் பொறந்த தம்பி.”

காது சிவக்கவில்லை. எப்போதும் போல் வெளுத்த காதுதான்.

அடுப்பில் கரி வெடிக்கிற சத்தம் கேட்டது. டியூபா வாசிக்கும் பெரியவர் சியாவ்தான் முதலில் வாய் திறந்தார். “அடிப்பாவி! பத்து வருஷமா ஒன் வெந்நீர்க் குடுவையில டீ வாங்கிக் குடிச்சிருக்கேனே!”

“குடிச்சு செத்தா போயிட்டீங்க? நேத்துகூட இன்னும் ஊத்துன்னுதானே கேட்டீங்க.”

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, அது அறை முழுக்கப் பரவியது. ஹாவ் மட்டும் உம்மென்று நின்றார். மேடையில் நாற்காலி சுரங்கத் தொழிலாளிக்கு மட்டும்தான், அதுதான் விதி என்றார்.

“சரி. அப்ப என் நாற்காலியையும் எடுத்துடுங்க. நானும் திரைக்குப் பின்னாடியே நிக்கிறேன்.”

முதல் கிளாரினெட் இல்லாமல் அந்த இசையில் பாதி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். யென் மாஸ்டர் ஒத்திகையில் தான் உட்காருகிற நாற்காலியைத் தூக்கிவந்து ருன்மெய் பக்கத்தில் போட்டார். “திருவிழா அன்னிக்கு நான் எப்படியும் நிக்கத்தான போறேன்,” என்றார். கென்வாங் அதன் நுனியில், பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும், பறக்கப்போகிற குருவி போலத் தொற்றிக்கொண்டான். ருன்மெய் அவன் தோளை அழுத்தி முழுசாக உட்காரவைத்தாள்.

சுரங்கக் குடியிருப்பில் சேதி காலால் நடப்பதில்லை. ருன்மெய் வீட்டுக்கு வருவதற்குள் மாமியாருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சின் கிழவி அடியில் அடுப்புச் சூடு ஓடும் செங்கல் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வரிசை வீடுகளிலேயே பெரிய வாய் அவளுடையது. அன்று அது ஆச்சரியமாகத் தாழ்ந்து வந்தது.

“திரிகைக்கல் கொத்துறவர் மகளா நீ?”

“இல்ல அத்தை. ஊதுறவர் மக.”

“என் கல்யாணத்துல ஊதினவனுங்க மொகத்தக்கூட நான் ஏறிட்டுப் பாக்கல. நீ இத்தன வருஷமா என் அடுப்புல மாவு பெசஞ்சு எனக்கே போட்டிருக்க.”

“தின்னீங்க. நல்லாருக்குன்னும் சொன்னீங்க.”

“வாய மூடு! சாங்சி டவுன்ல நர்ஸுக்குப் படிக்கிறாளே என் பேத்தி, அவள எவன் கட்டுவான்? அத யோசிச்சியா?”

மகள் பேச்சுதான் சுட்டது. மற்றதெல்லாம் ருன்மெய் எதிர்பார்த்ததுதான். ஆனால் வாயைத் திறந்தபோது குரல் கலங்கவில்லை. “தாய்மாமன் யாருன்னு மறைச்சுக் கட்டிக்கொடுத்தா அவளும் ஆயுசுக்கும் காத மூடிக்கிட்டுத்தான் திரியணும். நான் திரிஞ்சது போதும்.”

தஹாய் வாசலில் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. மகனை ஏமாற்றிக் கட்டிக்கொண்டாள் என்று கிழவி நம்பினாள், மகன் அதைத் திருத்தவில்லை. பிறகு விறகு எடுக்கும் சாக்கில் அவள் பின்னாலேயே வெளியே வந்து, “நான் என்ன செய்யட்டும் ருன்மெய்?” என்றான்.

“எனக்காகச் சண்ட போட வேண்டாம். பொய்யில ஒனக்கும் பங்கு உண்டுன்னு மட்டும் ஒருநாள் சொல்லு. எப்ப முடியுமோ அப்ப.”

அன்றிலிருந்து கிழவி தன் தினைக்கஞ்சியைத் தனிச்சட்டியில் தானே காய்ச்சிக்கொண்டாள். ருன்மெய் வழக்கம் போல மாவு பிசைந்து, நூடுல்ஸ் வெட்டி, வேகவைத்து, மாமியார் முன்னால் ஒரு கிண்ணம் வைப்பாள். அது ஆறிப்போகும். எடுத்துத் தானே தின்பாள். அடுத்த வேளை மறுபடி வைப்பாள். அழவில்லை, கெஞ்சவில்லை. பகலில் விளக்கறை, மாலையில் ஒத்திகை. பேண்டிலும் எல்லாம் தேன் ஒழுகவில்லை. இரண்டாம் கிளாரினெட்டுக்காரி நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். மறுநாள் இருவருக்கும் பொதுவான இசைக் காகிதம் கண்ணுக்குத் தெரியாததால் அவளே திரும்ப நெருங்கி வந்தாள். சியாவ் மட்டும் தன் குவளையை நீட்டி, “ஊத்து. இனிமே சாதி பாத்து என்ன, உள்ள போனது போனதுதான்,” என்றார். மதியச் சாப்பாட்டுக்குக் கென்வாங் வழக்கம் போலக் கிண்ணத்தோடு எழுந்தான். ருன்மெய் அவன் கோட்டைப் பிடித்து இழுத்து அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மறுநாளும் எழுந்தான், மறுநாளும் இழுத்தாள்.

திருவிழா வந்தது. மதியமே அரங்கம் நிரம்பிவிட்டது. வேலை முடித்து நேராக வந்தவர்களின் கண்ணோரத்தில் இன்னும் கரி இருந்தது. மாகாணத்துப் பெரியவர்கள் முன்வரிசையில், அவர்கள் பக்கத்தில் ஹாவ். சின் கிழவி வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்று யோசித்திருப்பாள் போல. கறுப்புச் சால்வை போர்த்து, தஹாய் பக்கத்தில், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ருன்மெய் மேடைக்கு வந்தாள், முடியைக் காதுக்குப் பின்னால் இறுக்கிக் குத்தியிருந்தாள். பின்னாலேயே நீலக் கோட்டோடு கென்வாங். அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. “அது மலைக்கு அந்தப் பக்கத்து ஆமையில்ல? மேடையில ஒக்காருது பாரு.” ருன்மெய் நாற்காலியை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

பித்தளைகள் மலை ஏறின. முரசு பாறைகளை உருட்டியது. யென் மாஸ்டர் இடது கையை மெல்லத் தாழ்த்த, எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, கிளாரினெட்டுகளின் ஒரே ஒரு நீண்ட சுரம் மட்டும் மிச்சமிருந்தது. கென்வாங் எடுத்தான்.

கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கழுதை ஓட்டிகளின் பேரன்கள். முதல் வளைவிலேயே மெட்டு அவர்களைப் பிடித்துக்கொண்டது. முணுமுணுப்பு நின்றது. ருன்மெய் கணக்கை எண்ணிக்கொண்டே வந்தாள். நிறுத்த வேண்டிய இடம் வந்தது. அவன் காலின்மேல் தன் காலை வைத்தாள். மிதிக்கப்போன அந்த நொடியில், பின்வரிசையில் ஒரு கிழட்டுச் சுரங்கத் தொழிலாளி எழுந்து நின்று கையை உயரத் தூக்கி, “ஊது!” என்று கத்தினார். தூக்கிய கையை இறக்கவில்லை.

கல்யாண வீட்டில் வீட்டுக்காரர் செய்கிற அதே சைகை. கை மேலே இருக்கிறவரை ஊதுகிறவன் நிறுத்தக்கூடாது. இன்னொரு கை எழுந்தது. பிறகு இன்னும் பல. கென்வாங் மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விட்டபடி, கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தான். அன்றைக்கு முதல்முறையாக, ஊர் பார்க்க, நேராகப் பார்த்தான். என்ன செய்யட்டும் அக்கா என்று கண் கேட்டது.

ருன்மெய் மாஸ்டரைப் பார்த்தாள். ஹாவ் முன்வரிசையில் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். யென் மாஸ்டர் அந்தக் கைகளையெல்லாம் பார்த்தார், தாளம் காட்டுகிற கோலை அக்குளில் செருகிக்கொண்டார், பேண்டைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் காத்திருங்கள் என்று காட்டினார்.

அவள் காலை எடுத்தாள். அதோடு விடவில்லை. கிளாரினெட்டை உதட்டில் வைத்து, காகிதத்தில் இல்லாத கீழ்குழலை எடுத்தாள். தம்பி வாயாடினான், அக்கா ‘உம்’ கொட்டினாள். அவன் ஓடினான், இவள் பின்னாலேயே போய் வளைத்துக்கொண்டு வந்தாள். வைக்கோல் போருக்குப் பின்னால் மட்டுமே ஊதியதை முழு வெளிச்சத்தில் ஊதினாள். அப்பா, வெளியில ஊதிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டும் குழலில் இருந்தன. சுற்று முடிகிற இடத்தில் பின்வரிசைக் கிழவர் கையை இறக்கினார். கைகள் எல்லாம் இறங்கின. ருன்மெய் தம்பியின் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். அவன் அந்தக் கடைசி வளைவில் வழுக்கி ஏறி நிறுத்த, அதே நொடியில் முரசு விழுந்து, பேண்டு முழுவதும் உள்ளே இறங்கியது. பெரியவர் சியாவ் டியூபாவுக்குள் ஊதிய ஊதலில் அவர் முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.

கைதட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாகாணத்துப் பெரியவர்கள் பாராட்டியதும், அந்த இரண்டாம் சுற்று முன்பே திட்டமிட்டதுதான் என்று ஹாவ் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கென்வாங் துணிப்பையை எடுத்துக்கொண்டு லாரியைத் தேடினான். ருன்மெய் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். “வீட்டுக்கு வா.”

“வேண்டாம்க்கா. இன்னிக்கு நடந்ததே போதும். திருவிழா நாள் அதுவுமா வீட்டுல சண்ட எதுக்கு?”

“நடடா.”

சின் கிழவி முன்னாலேயே வந்து அடுப்பை மூட்டியிருந்தாள். தினைக்கஞ்சி இல்லை. அன்று அவளே மாவு பிசைந்து, எல்லோருக்கும் கத்தியால் சீவிய நூடுல்ஸ் செய்திருந்தாள். குட்டை மேசையில் கிண்ணங்கள் ஆவி பறக்க இருந்தன. ஒன்று அவளுக்கு, ஒன்று மகனுக்கு, ஒன்று ருன்மெய்க்கு. வெளியே, வாசற்படியில், விளிம்பு உடைந்த ஒரு கிண்ணம் தனியாக இருந்தது.

ருன்மெய் ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். மருமகளுக்கு மேசை, அவள் தம்பிக்குப் படி. இத்தனை நாள் தனிச்சட்டிப் போருக்குப் பிறகு கிழவி இறங்கிவந்த தூரம் அவ்வளவு. இதை ஒப்புக்கொண்டால் வீட்டில் இன்று அமைதி. கென்வாங் அதற்குள் படியில் குந்திக் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டான். அவனுக்கு வருத்தம்கூட இல்லை. அதுதான் ருன்மெயால் தாங்க முடியவில்லை.

அவள் உள்ளே போனாள். குட்டை மேசையின் ஒரு பக்கத்தைக் கிண்ணங்களோடு அப்படியே பிடித்தாள். தனியாளாகத் தூக்கினால் நூடுல்ஸெல்லாம் தரைக்குப் போய்விடும். தஹாயைப் பார்த்தாள்.

தஹாய் துண்டைத் தேடினான், அது கழுத்தில் இல்லை. பிறகு குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தான்.

“எங்கடா தூக்கிட்டுப் போற?” என்றாள் கிழவி.

“வெளிய. அம்மா, எனக்கு மொதல்லயே தெரியும். திரிகைக்கல் கதய கட்டினதே நான்தான்.”

சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பின்னோக்கி நடந்து வாசலைத் தாண்டினான். மேசையை முற்றத்துப் பனியில், படிக்கு எதிரே போட்டார்கள். தஹாய் முக்காலிகள் கொண்டுவந்தான். ருன்மெய் தம்பியின் கையிலிருந்த உடைந்த கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்து, அவனைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். வரிசையில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது, பக்கத்து வீட்டுச் சன்னலும் திறந்தது. திருவிழாவுக்குக் கட்டிய சிவப்பு விளக்குகளின் வெளிச்சத்தில் எல்லோரும் பார்க்க மூன்று பேரும் தின்ன ஆரம்பித்தார்கள். நூடுல்ஸ் வேகமாக ஆறிக்கொண்டிருந்தது.

மேசையில்லாத வீட்டுக்குள் கிழவி சிறிது நேரம் தனியாக இருந்தாள். ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு செருப்புச் சத்தம். ஒரு கையில் வினிகர் ஜாடியோடு படி இறங்கி வந்தாள்.

“வினிகர் இல்லாம மனுஷன் தின்பானா? சின் வீட்டுச் சாப்பாடு சப்புன்னு இருந்துச்சுன்னு இவன் மல முழுக்க ஊதித் தொலைக்கவா?”

அவள் உட்காரவில்லை. நின்றபடியே, கென்வாங்கின் முகத்தைப் பார்க்காமல், அவன் கிண்ணத்தின்மேல் ஜாடியைச் சாய்த்தாள்.

வினிகர் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. கென்வாங் கைகளை முட்டியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். வீட்டுக்காரர் நிறுத்தாமல் அவன் எப்படி நிறுத்தச் சொல்வான்? நூடுல்ஸ் முங்கிக் கிண்ணம் விளிம்புக்கு வந்துவிட்டது. கிழவியும் விடவில்லை, ஜாடி சாய்ந்தே இருந்தது.

மேசைக்கு அடியில் ருன்மெய் தம்பியின் காலைத் தேடி ஓங்கி மிதித்தாள்.

“போதும் அத்தை,” என்றான் கென்வாங்.

கிழவி ஜாடியை நிமிர்த்தினாள்.